விரதம் அம்மனுக்கு, ஊசி டாக்டருக்கு

சொர்ணம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது.

கொடை விழாவில் உச்சிவேளைப் பூசையின் மேளம் ஏறி அடித்துக்கொண்டிருந்தது. தாராவிச் சந்துக்குள் இருக்கிற அந்தச் சின்ன இசக்கியம்மன் கோயிலுக்கு முன்னால், நின்ற இடத்திலேயே அவள் நடுங்கினாள். முகமெல்லாம் வியர்த்து ரவிக்கை நனைந்துவிட்டது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள்.

அவள் புருஷன் தங்கசாமி கடைவாயில் ஒரு கல்கண்டுத் துண்டை ஒதுக்கிக்கொண்டு பெருமையோடு பார்த்தான். வருஷா வருஷம் பக்கத்து வீட்டுப் பேராச்சிமேல் மட்டுமே இறங்கிய அம்மன், இந்தத் தடவை தன் வீட்டுக்காரியைத் தேடி வந்திருக்கிறாளே!

அவனைக் கேட்டால் அதுவும் அவன் வளர்த்த வளர்ப்புதான்.

சொர்ணம்மாள் கனத்த உடம்புக்காரி. குழாயடியில் இரண்டு ஆள் இடத்தைப் பிடிக்கிறாள் என்று சந்தே கேலி பேசும். போன வருஷம் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. உடம்பைக் குறைக்க வேண்டும், இனிப்பு கூடாது, தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று மாட்டுங்கா டாக்டர் சொல்லிவிட்டார்.

தங்கசாமி தோல் பட்டறையில் மேஸ்திரி. ஆளை மேய்த்துப் பழகியவனுக்குப் பெண்டாட்டியை மேய்ப்பதா பெரிசு? சீனி டப்பாவை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். பம்பாயே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அவள் தட்டில் விழுகிற சோற்றை அவன்தான் அளந்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தான். தனக்கு ஒரு நோய் வந்தால் இப்படி யார் பார்ப்பார்கள் என்று டீக்கடையில் அலுத்துக்கொள்வான்.

ஊசியைக் கொதிக்க வைத்துக் குத்துவதும் அவன்தான்.

இன்று காலை அவள் கெஞ்சினாள். கொடை விரதம், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஒரு நாளைக்கு ஊசி வேண்டாமே என்றாள். விரதம் அம்மனுக்கு, ஊசி டாக்டருக்கு என்று சொல்லிக் கையைப் பிடித்துக் குத்திவிட்டான். கடமை தவறாத மனுஷன்.

ஒருத்தி முன்னால் வந்து, மகனுக்கு வேலை கிடைக்குமா தாயே என்று குறி கேட்டாள். சொர்ணம்மாள் நாக்குக் குழற என்னமோ சொன்னாள். ஆவணியில் கிடைக்கும் என்று சுற்றி நின்றவர்களே அர்த்தம் சொல்லிக்கொண்டார்கள்.

பேராச்சி ஒரு செம்பு நிறையப் பானகம் கொண்டுவந்தாள். வெல்லமும் சுக்கும் மணத்தன. சொர்ணம்மாளின் இரண்டு கைகளும் செம்பைப் பாய்ந்து பிடித்தன.

தங்கசாமி நடுவில் விழுந்து தடுத்தான். கேட்பது சொர்ணம் இல்லை, அம்மன் என்று பேராச்சி சண்டைக்கு வந்தாள்.

“கேக்கது அம்மனாவே இருக்கட்டும். குடிக்க வயிறு இவளுதுல்லா? இனிப்பு ஆவாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு.”

மேளக்காரர்கூடச் சிரித்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி சும்மா நின்றார், புருஷன் கொடுக்கவில்லை.

அவள் விரல்கள் செம்பின் விளிம்பை விடவே இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். கொஞ்சம் தரையில் சிந்தியது.

அவள் சரிந்து விழுந்தாள். சாமி மலையேறிவிட்டது, எழுப்பக் கூடாது என்று பந்தல் நிழலில் படுக்க வைத்தார்கள். குறட்டை விட்டாள். அசந்து தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு தங்கசாமி வந்து தோளை உலுக்கினான். அவள் எழுந்திருக்கவில்லை.

அதே சந்தில் இருக்கிற கலீலுல்லாவின் டாக்ஸியில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாட்டுங்காவுக்குப் பறந்தார்கள். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தங்கசாமி சட்டைப் பையைத் துழாவி, மிச்சமிருந்த கடைசிக் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

ஊசி போட்டாச்சா, சாப்பிட்டாளா, என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒழுங்கான பதில் இருந்தது. இனிப்பு எதையும் அண்ட விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னான். டாக்டர் மேலே எதுவும் கேட்காமல் அவசர அவசரமாக நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். நேரம் கடந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் நாடி பார்த்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார்.

வெறும் வயிற்றில் ஊசி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், அந்த நடுக்கமும் வியர்வையும் அதுதான் என்றார். ஒரு மடக்கு சர்க்கரைத் தண்ணீர் போதுமாம். போன மாதம் தனியாக வந்தபோது அவளிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாராம். பிறகு அவள் சேலைத் தலைப்பைத் தூக்கிப் பார்த்தார்.

“முந்தானைல எப்பவும் கல்கண்டு முடிஞ்சு வெச்சுக்கச் சொல்லியிருந்தேனே. எங்கே அது?”

முந்தானையில் முடிச்சு இருந்த இடம் கசங்கிக் கிடந்தது.

காலையில் ஊசி போட்ட கையோடு தங்கசாமிதான் அதைக் கண்டுபிடித்தான். கையும் களவுமாக. டாக்டர் என்று அவள் என்னமோ சொல்ல வாயெடுத்தாள். திருட்டுத் தீனிக்கு டாக்டர் பேரை இழுக்காதே என்று அடக்கிவிட்டு, முடிச்சை அவிழ்த்துத் தன் பையில் கொட்டிக்கொண்டான்.

டாக்டர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கசாமி வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடைசிக் கல்கண்டு இன்னும் முழுசாகக் கரைந்திருக்கவில்லை.