முதல்ல மாமாவுக்கு

"மூணு வருஷமா கிள்ளான்ல இருக்கா, வலிக்குதுன்னு சொல்ல ஒரு வார்த்தை தமிழ் வரல, மலாயும் வரல. என்ன திமிர் லா!"

முணுமுணுத்துக்கொண்டே அரசாங்க கிளினிக்கின் மூன்றாம் நம்பர் அறைக் கதவைத் திறந்தாள் நர்ஸ் குமுதா.

ஆறு மாத வயிற்றோடு உள்ளே வந்தாள் லூசியா, மெக்சிகோக்காரி. புருஷன் முத்தையா கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் பாதி கடலில். அதனால் துணைக்கு வருவது மாமனார் சோலையப்பன். போன் ஆப்பில் இருபது வார்த்தை ஸ்பானிஷ் கற்றவர். மிச்சத்தைச் சத்தம் போட்டே சமாளித்துவிடுவார்.

லூசியாவின் கார்டில் 'மொழிபெயர்ப்பாளர்' என்று ஒரு கோடு உண்டு. அதில் தன் பெயரை எழுதச் சொல்லி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் தடவை வந்த அன்று வீட்டுக்குப் போனார் மனுஷன்.

"லூசியா! பிரஷர்! மானோ! கை, கை!" என்று கத்தினார் சோலையப்பன்.

குமுதா பிரஷர் பட்டையைக் கையில் எடுத்தாளோ இல்லையோ, "ஆய்! நோ, நோ!" என்று அலறிய லூசியா மாமனார் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள்.

"பயப்படுது மிஸ்ஸி. முதல்ல எனக்குக் கட்டிக் காட்டுங்க."

நாலு மாசமாக இதே கூத்து. பிரஷரா, முதல்ல மாமாவுக்கு. விரலில் ஊசி குத்தி சுகர் பார்க்கணுமா, அதுவும் முதல்ல மாமாவுக்கு. குமுதாவுக்கு ஒரு பேஷன்ட்டுக்கு ரெண்டு பேஷன்ட் வேலை.

"அங்கிள், உங்களுக்கு நூத்தி எழுபத்தெட்டு! ஒவ்வொரு மாசமும் சொல்றேன், டாக்டரைப் பாருங்க."

"மெஷின் கோளாறு மிஸ்ஸி. அந்த ஜாம்ல கார் ஓட்டி வந்தவனுக்கு வேற எவ்வளவு இருக்கும்? கல்லு மாதிரி இருக்கேன் நான்!" என்றவர் மருமகள் பக்கம் திரும்பினார். "பார்த்தியா? முய் பியென், ரொம்ப நல்லா இருக்கேன்! வலியே இல்ல!"

லூசியா ஒரு குட்டி நோட்டை எடுத்து என்னவோ கிறுக்கினாள். பொம்மை வரைகிறாள் போல. கிழவர் விரலைக் குத்திக்கொள்கிறார், மகாராணிக்குப் பொழுதுபோக்கு. குமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் இன்றோடு இதற்கெல்லாம் முடிவு.

குமுதா மேசை டிராயரைத் திறந்து ஒரு தடி ஃபைலை 'தொம்' என்று போட்டாள். மூன்று மாதம் மேலிடத்துக்கு இமெயில் போட்டுப் போட்டு வாங்கியது. ஸ்பானிஷ் பேசும் நோயாளிகளுக்காக ஏதோ ஒரு நாட்டு அரசாங்கம் போட்ட கையேடுகளை யாரோ ஒரு புண்ணியவான் தேடிப் பிடித்து பிரிண்ட் எடுத்து அனுப்பியிருந்தார். நோயாளி படிக்க ஒன்று, டாக்டரும் நர்சும் காட்டிக் கேட்க இன்னொன்று. எல்லாம் படத்தோடு.

"இனிமே நீங்க அலைய வேண்டாம் அங்கிள். இந்தப் படத்தைக் காட்டியே நான் பேசிக்குவேன்."

சோலையப்பன் முகம் தொங்கிப்போனது. "அப்போ நான் வர வேணாமா?"

அதற்குள் வெளியே ஹார்ன் சத்தம். "ஐயையோ, டபுள் பார்க்கிங்!" சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கதவு சாத்திக்கொண்டது.

"அக்கா, கெடுத்துட்டீங்களே!"

பேசியது யார் என்று குமுதா நாலு பக்கமும் பார்த்தாள். அறையில் லூசியாவைத் தவிர ஆள் இல்லை.

"அந்த ஃபைலை உள்ள வைங்க. சீக்கிரம் லா, மாமா வந்துடுவார்!"

"தமிழ் பேசுவியா நீ?"

"அத்தை சொல்லிக் கொடுத்தாங்க. மாமா கடைக்குப் போனா வீட்ல எல்லாம் தமிழ்தான். அவர் இருந்தா நான் ஊமை. இது அத்தையோட ஐடியா."

"எதுக்கு இந்த நாடகம்?"

"மாமா பாத்ரூம்ல ரெண்டு தடவை மயங்கி விழுந்தார். டாக்டர்னு சொன்னாலே அத்தைகூட ரெண்டு நாள் பேச மாட்டார். ஆனா எனக்கு ஒண்ணுன்னா பறந்து வருவார்." லூசியா நோட்டை விரித்தாள். பொம்மை இல்லை. நாலு மாதத்துக்கும் சோலையப்பனின் பிரஷர், சுகர், தேதியோடு. "மாசா மாசம் ஏறுது. எனக்கு ரொம்ப பயமா இருக்குக்கா."

"அப்போ உனக்கு ஊசின்னா பயம்னது?"

"மெக்சிகோல நானும் நர்ஸ்தான்."

குமுதா ஃபைலை எடுத்து டிராயருக்குள் தள்ளினாள். திமிர் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கதவு திறந்தது. சோலையப்பன் வியர்வையைத் துடைத்தபடி நின்றார்.

"அந்த ஃபைலு... அதுலயே எல்லாம் இருக்கா மிஸ்ஸி?"

குமுதா டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டாள்.

"அதை ஏன் கேக்குறீங்க அங்கிள்! அது வேற நாட்டு ஸ்பானிஷ். மெக்சிகோவுக்கு ஒத்து வராதாம். அதோட இன்னொரு தலைவலி. இன்னிக்கு இந்தப் பொண்ணு டாக்டர் ரூமைப் பார்த்தே நடுங்குது."

லூசியா உடனே நடுங்கினாள்.

"இவ்வளவுதானே? நான் எதுக்கு இருக்கேன்!" சோலையப்பன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். "டாக்டர் முதல்ல என்னை முழுசா பார்க்கட்டும். மருந்து கொடுத்தாலும் சரி, நானே சாப்பிட்டுக் காட்டுறேன். லூசியா, வா! வாமோஸ்!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தார்.

குமுதா புதுக் கார்டு ஒன்றை எடுத்தாள். நோயாளி என்ற இடத்தில் 'சோலையப்பன்' என்று எழுதினாள். மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில், எழுத்துப்பிழை இல்லாமல், 'லூசியா' என்று எழுதினாள்.