பந்தல்காலின் தாகம்

மருமகளின் விரல் மோட்டார் சுவிட்சின்மேல் இருக்கிறது. தொட்டியில் மிச்சமிருப்பது ஒரே ஒரு பாய்ச்சல் தண்ணீர். இப்போது வீணடித்தால் திராட்சை பழுக்கும்போது தொண்டை நனைக்கக்கூட இருக்காது. கொடித்தண்டின் ஈரத்தை அளக்கும் சென்சாரோ, உலகத்துப் பாலைவனமெல்லாம் இந்த ஒரு கொடிக்குள் குடிவந்துவிட்டதாக அவள் கைபேசியில் சிவப்பாய் அலறுகிறது. நான் குனிகிறேன். காலை வெயிலில் இலைகள் இப்போதுதான் குளித்து வந்தவை போல மினுங்குகின்றன. இடுக்கில் சென்சார் கவ்வியிருப்பது கொடியை அல்ல, கொடி சுற்றிக்கொண்டிருக்கும் உலர்ந்த பந்தல்காலை! "யாரும்மா இதை மாட்டினது?" "உங்க மச்சான்தான், மாமா." "அதானே பார்த்தேன்!" கழற்றிக் கொடியில் மாட்டுகிறேன்; கைபேசி பச்சையாகிறது. அவள் விடும் பெருமூச்சில் தோட்டமே ஒரு சாண் எழும்பி அமர்கிறது. விரல் சுவிட்சைவிட்டு இறங்குகிறது. நடந்தது எதுவும் தெரியாமல் அங்கே வந்த மச்சான், தன் குடிதண்ணீர் பாட்டிலைப் பந்தல்காலின் அடியில் கவிழ்த்தபடி, "குடிடா கண்ணா, குடி" என்கிறார்.