வாசற்படிக்கு வெளியே ராசாத்தாள்

1934 பங்குனி. வீட்டுக்குள் இருப்பவர்கள் நான், என் மனைவி சென்னியம்மாள், தம்பி அங்கப்பன். வாசலில் நிற்பவள் என் தங்கை ராசாத்தாள். மேட்டுப்பாளையத்தில் அவள் காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சேதி வந்து, நாங்கள் தலைமுழுகி மூன்று மாதமாகிறது. உச்சி வெயில் கதவிடுக்கு வழியே கோடாக விழுகிறது. "அண்ணா" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு இருமல் மட்டுமே கேட்கிறது. காட்டேரி மூன்றாம் முறை கூப்பிடாது, உப்பைத் தொடாது, யாராவது 'வா' என்று சொல்லாமல் படி தாண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சென்னியம்மாள் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்கிறாள். "ஏனுங்க, நிழலையே காணமுங்க." "உச்சிப் பொழுதுல உனக்குந்தான் இருக்காது," என்கிறேன். அங்கப்பன் என் கையைப் பிடிக்கிறான். "வான்னு மட்டும் சொல்லிப்போடாதீங்கண்ணா. மூணாவது தடவை கூப்பிடட்டுங்க." வெளியே ஒரு சொம்பு கீழே விழுந்து உருளுகிறது. இருமலும் நின்றுவிடுகிறது. எங்கள் வாசலுக்கு வந்த எவரும் 'வா' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் நின்றதில்லை. தம்பியின் கையை விலக்கித் தாழ்ப்பாளை நீக்குகிறேன். "வா அம்மணி."

எங்கள் வீட்டில் காட்டேரி புகுந்ததாக ஊரில் பேசுகிறார்கள். அது பொய். வந்தவள் என் தங்கை. கம்மஞ்சோற்றில் உப்புப் போதவில்லை என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.