சுற்றிப் போகும் வழி

“ஃப்ளைட் வேண்டாங்க. கார் போடுங்க,” என்று அவள் மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

டிராவல்ஸ்காரன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். பறக்கப் பயப்படுகிறவர்களைப் பேசிக் கரைப்பது அவனுக்குக் கைவந்த கலை.

“மேடம், ரெண்டுமே சின்ன ஏர்போர்ட். பஸ் ஸ்டாண்டு மாதிரிதான், போனதும் ஏறிடலாம். நேரா பார்த்தா இருநூத்தி அறுபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் பறக்கும். ஒரு காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள இறங்கச் சொல்லிடுவாங்க.”

“கார்ல?”

“மலையைச் சுத்திக்கிட்டுப் போகணும். பன்னண்டு மணி நேரம். இடுப்பு கழண்டுடும்.”

“பரவாயில்ல.”

பக்கத்து நாற்காலியில் இருந்த ஐந்து வயதுச் சிறுமி, மேசைமேல் நின்ற பொம்மை விமானத்தின் இறக்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். “அம்மா, இதுல போலாம்மா. ஜன்னல் சீட்டு எனக்கு.”

“உனக்குக் காது வலிக்கும்டா கண்ணு.”

“வலிக்காது. பஞ்சு வெச்சுப்பேன்.”

அவன் சிரித்துவிட்டான். “பாப்பா உங்களவிட தைரியசாலி மேடம். மூக்கு மட்டும் அச்சு அசல் உங்களோடது.”

“எங்க அக்காவுக்கும் இதே மூக்குதான்,” என்று சொல்லிவிட்டுச் சிறுமியின் முடியைக் காதோரம் ஒதுக்கினாள்.

“அங்க யாரு இருக்காங்க?”

“இவ அப்பா.”

விஷயம் பிடிபட்டுவிட்டதாக அவன் நினைத்தான். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ மனத்தாங்கல். “சார் வழிமேல விழிவெச்சுக் காத்திட்டிருப்பார். கோபம் இருந்தா அங்க போய்ப் பேசித் தீர்த்துக்கலாமே. பிள்ளையை எதுக்கு அலைக்கழிக்கணும்?”

“காத்திருக்கட்டும்.”

அவன் மறுபடி கீபோர்டில் கை வைத்தான். நாளை விடியற்காலைக்குக் கார் என்று பதிந்தான்.

“டிரைவர்கிட்ட அவசரப்பட வேண்டாம்னு சொல்லிடுங்க,” என்றாள் அவள். “பிள்ளை கேக்குற இடத்துல எல்லாம் நிறுத்தணும்.”

“சொல்லிடறேன். திரும்பி வர்றதுக்கும் இதே கார்தானே?”

அவள் சிறுமியைப் பார்த்தாள். “கண்ணு, அந்த மூலையில இருக்கற கேன்ல அம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி பிடிச்சிட்டு வர்றியா?” என்று சிறுமியை அனுப்பிவிட்டுத்தான் திரும்பினாள்.

“வர்றதுக்கு ஃப்ளைட் போடுங்க. ஒரு சீட்டு போதும்.”

“அப்ப பாப்பா?”

“அங்கேயே இருந்துடுவா. அவர் புதுசா கல்யாணம் பண்ணிக்கிட்டார். பொண்ணு தன்கிட்டதான் வளரணும்ங்கறார்.”

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அது எப்படி மேடம்? பெத்த தாய்கிட்டேயிருந்து பிள்ளையைப் பிரிக்க அவர் யாரு?”

அவள் மூலையைப் பார்த்தாள். சிறுமி விளிம்புவரை நிரம்பிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் அடிமேல் அடிவைத்து வந்துகொண்டிருந்தாள்.

“பெத்தவ எங்க அக்கா. இவ பொறந்த அன்னிக்கே போய்ச் சேர்ந்துட்டா,” என்றாள் அவள் குரலைத் தாழ்த்தி. “கார்ல போனா, இன்னும் பன்னண்டு மணி நேரம் நான் அம்மாங்க. இறங்கிட்டா சித்தி.”