புதைக்கப்படாத சுல்தான்

அடுத்த சுல்தானை அறிவிக்கும்வரை இறந்த சுல்தானைப் புதைக்கக் கூடாது என்பது அந்த மலாய் ராஜ்யத்தின் வழக்கம். மந்திரிகள் இரண்டு இளவரசர்களுக்கிடையே பிளந்து நின்றதால், சுல்தானின் உடல் நாட்கணக்கில் கூடத்திலேயே கிடந்தது. எவ்வளவு கற்பூரம் தூவியும், மஞ்சள் பட்டுத்துணியை மாற்றி மாற்றிப் போர்த்தியும் நாற்றம் அடங்கவில்லை. அருகில் உட்கார்ந்திருந்த அரசி மஸ்தூரா மட்டும் மூக்கை மூடிக்கொள்ளவில்லை. அந்த மார்பில் தலை வைத்துத் தூங்கியவள் அவள்.

கடைசியில் முதல் மந்திரி வந்து குனிந்தார். "சபையால் முடியவில்லை, தாயே. நீங்கள் சொல்லும் பெயரை எல்லோரும் ஏற்கிறோம்."

இளைய மகன் ஜுனைத் படையோடு கோட்டைக்கு வெளியே நின்றான். மூத்தவன் ஹாஷிமைச் சொன்னால் ஊர் எரியும். ஜுனைதைச் சொன்னால் அண்ணனை அவன் உயிரோடு விடமாட்டான்.

ஹாஷிமே உள்ளே வந்து அவள் கையை எடுத்து முத்தமிட்டான்.

"தம்பி பெயரையே சொல்லுங்கள் அம்மா. அப்பா மண்ணுக்குப் போகட்டும்."

"நீ என்னடா ஆவாய்?"

"அப்பாவை இப்படிப் பார்க்க முடியவில்லை அம்மா" என்று மட்டும் சொன்னான்.

அவள் சபைக்குப் போய் ஜுனைத் என்றாள். உடனே முரசும் எக்காளமும் முழங்கின.

முன்வாசல் வழியாக, மஞ்சள் குடையின் கீழ், கணவரின் ஜனாஸா ஊர்வலம் புறப்பட்டது. அதே நேரத்தில் புதிய சுல்தானின் காவலர்கள் ஹாஷிமைப் பின்வாசல் வழியாக ஆற்றுப் பக்கம் கூட்டிப்போனார்கள். மாடியில் மஸ்தூரா இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்குமாக ஓடினாள். பிறகு இரண்டுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.