நன்மை வாங்காதவன்

நன்மை கொடுக்கப் பங்குச்சாமியார் நற்கருணை அப்பத்தோடு நீட்டிய கை அப்படியே நின்றது.

வரிசை முடிந்துவிட்டது. மூன்றாவது பெஞ்சில் ஒருவன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

பட்டாளத்துக்காரன் மரிய லியோன். விடுப்பு முடிந்து நாளைக்கு ரயிலேறுகிறான்.

“ஏலே, எந்திரிச்சுப் போயேன். நன்மை வாங்காமலா துப்பாக்கி தூக்கப் போற?” என்று அவன் அம்மா இடித்தது பீடம்வரை கேட்டது.

அவன் அசையவில்லை.

பங்குச்சாமியாருக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாம் தன் பிரசங்கம் பார்த்த வேலை.

ஆதித் திருச்சபையில் வாளைக் கீழே போட்டவர்களைப் பற்றிப் பேசினார். நமக்குச் சொந்த ஊர் மேலே, இங்கே வாடகைக்குத்தான் இருக்கிறோம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். போரில் கையில் ரத்தம் பட்டவன் மூன்று ஆண்டு நன்மை வாங்காமல் இருக்கட்டும் என்று அந்தக் காலத்து ஆயர் ஒருவர் எழுதிவைத்ததையும் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டார்.

அவர் பிரசங்கத்தை இதுவரை யாரும் கடைசிவரை கேட்டதில்லை. அந்தத் தைரியம்தான்.

பூசை முடிந்ததும் உடுப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினார். கொடிமரத்தடியில் அவனைப் பிடித்தார்.

அது அந்தக் காலம் என்றார். பின்னால் வந்தவர்கள் நியாயமான போரும் உண்டு என்றிருக்கிறார்கள் என்றார். அப்படியானால் முன்னவர்கள் சொன்னது தப்பா என்று தானே கேட்டார். தப்பில்லை என்று தானே சொன்னார். மேலே சொந்த ஊர் உள்ளவனுக்கும் இங்கே இருக்கிறவரை கீழூர்ச் சமாதானம் வேண்டும், அதற்கு ஒருவன் காவல் நிற்கத்தானே வேண்டும் என்று ஆரம்பித்து, பாதியில் வழி தெரியாமல் நின்றார்.

படித்ததெல்லாம் உள்ளே ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றது.

லியோன் பொறுமையாகக் கேட்டான். அவரைப் பார்க்க அவனுக்கே பாவமாக இருந்திருக்கும்.

“பட்டாளத்தக் கொறச்சுப் பேசிட்டேன்னு கோவமாப்பா?”

“கோவமெல்லாம் இல்ல சாமி.”

“பின்ன ஏன் வரல?”

அம்மா எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

“அங்க மலைக்காட்டுல ஒருத்தனச் சுட்டேன் சாமி. கிட்டப் போனா, செபமாலைய உருட்டிட்டுக் கெடந்தான். பாஷை புரியல. என்ன செபம்னு மட்டும் தெரிஞ்சுது. முடிக்கதுக்குள்ள போயிட்டான்.”

சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

“மிச்சத்த நான் சொன்னேன்.”