ஊமை ஜிபிஎஸ்

"சத்தம் போடாத ஜிபிஎஸ் இருக்காடா சுபாஷு?"

கடைக்குள்ள வந்ததும் தைரியநாதன் சார் கேட்ட மொத கேள்வியே இதான்.

கள்ளக்குறிச்சியில கார் சாமான் கடை வச்சி யார் யாருக்கோ எதெதையோ வித்திருக்கேன். ஊமை ஜிபிஎஸ் கேட்டவரு இவரு ஒருத்தருதான்.

"சார், வாயத் தொறந்து வழி சொல்றதுக்குத்தான் அதுக்குக் காசே. ஊமையா இன்னாத்துக்கு?"

"மொதல்ல காட்டுடா."

"போனுல பாத்துக்கினே போவலாமே?"

"மலை மேல டவர் எங்கடா எடுக்குது? மேப்பு உள்ளாறயே இருக்கிற மாதிரி குடு. வெலையும் கம்மியா இருக்கணும்."

பெருசா ஒண்ணு எடுத்து வச்சேன். பொம்பள கொரல்ல பேசும். எனக்குத்தான் எல்லாருடைய கொரலும் வருமே, அதோட கொரல்லயே பேசிக் காட்டினேன்.

"அடுத்த சந்திப்பில்... வலது புறம்... திரும்பவும்!"

சாரு சிரிக்கல. "ஸ்கிரீன் பெருசு. வேணாம்."

அடுத்ததக் காட்டினேன்.

"இது வெளிச்சம் ஜாஸ்தி. வேணாம்."

"சார், பொண்ணு பாக்கறவங்க கூட இத்தன நொட்டம் சொல்ல மாட்டாங்க. இதப் பாருங்க, முன் கண்ணாடியில ஒட்டுறது."

"அங்க ஒட்டினா தெரிஞ்சிடும்டா. ஸ்டேரிங்குக்கு வலது பக்கம், கதவாண்ட கீழ மறைவா ஒட்டணும்."

"யாருக்கு மறைவா?"

சாரு ரோட்டப் பாத்தாரு. எதுத்த பேக்கரியில சிஸ்டரம்மா பன்னு வாங்கிக்கினு நின்னாங்க.

"அவளுக்குத் தெரியக் கூடாது."

எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சி.

சிஸ்டரம்மான்னா பவுலினம்மா, சாரோட சம்சாரம். கல்வராயன் மலையில நர்சா இருந்தவங்க. மலையில பாதிப் பேரு அவங்க கையில பொறந்தவங்கதான். நான் சின்னப் பையனா இருந்தப்ப, லீவு நாளு வந்தா சாரு பழைய ஜீப்புல அவங்கள ஏத்திக்கினு மலைக்குப் போவாரு. எங்கப்பா அய்யனாருதான் ஜீப்புக்கு மெக்கானிக்கு. வழியில நின்னுட்டா தள்ளணுமே, அதுக்காக அவரும் போவாரு, அவரு மடியில நானும்.

ஜீப்புல ஹாரன் வேல செய்யாது. தேவையும் இல்ல. சிஸ்டரம்மா கொரல் இருந்துச்சி.

"இன்னாங்க, ரெட்டப் புள்ள பொறந்த வூட்டாண்ட லெப்ட்டு! பாம்பு கடிச்சிப் பொழச்சாளே எழில்மதி, அவ வூடு தாண்டி ரைட்டு! மெதுவா, மெதுவா, இங்கதான் பெரியம்மாளுக்கு வலி கண்டுச்சி!"

சாரு ஒரு ரோட்டையும் மனசுல வச்சிக்கினது இல்ல. அவங்க சொன்ன பக்கம் திருப்புவாரு, அவ்ளோதான். சண்டையும் சிரிப்புமா வண்டி மலையேறும். அந்த மாதிரி ஒரு சவாரி இப்ப எந்த ஏசி காருல கெடைக்கும்?

அந்தம்மா வாய அடைக்கவா இந்தாளு மெசினு வாங்க வந்திருக்காரு?

வுடுவனா நானு? "இன்னா சார், சிஸ்டரம்மா சவுண்டு ஜாஸ்தியாயிடுச்சா?"ன்னுட்டு அவங்க கொரல்லயே எடுத்து வுட்டேன். "இன்னாங்க! மெதுவாங்க! புளியமரம் நம்மளப் பாத்து ஒதுங்காதுங்க!"

கடையில நின்னவங்கல்லாம் சிரிச்சாங்க. சாரு என்னியே ஒரு மாதிரி பாத்தாரு. திட்டவும் இல்ல.

"இருக்கிறதுலயே சின்னது எதுவோ அத மாட்டு. சுருக்கா மாட்டு. வந்துடப் போறா."

உள்ளங்கை அளவுல ஒண்ணு இருந்துச்சி. வெலையும் கம்மி. சாரோட காருல கதவாண்ட மறைவா ஒட்டி, சவுண்ட அணைச்சி, அவரு கேட்ட மாதிரி மலை மேல இருக்கிற வெள்ளிமலை ஊருக்கு வழி போட்டுக் குடுத்தேன்.

"ஒழுங்கா ஓடுதான்னு பாக்கணும். பங்க் வரைக்கும் கூட வா"ன்னாரு. பின் சீட்டுல ஏறி ஒக்காந்தேன். வேண்டா வெறுப்பாத்தான்.

சிஸ்டரம்மா முன்னாடி ஏறினாங்க. என்னப் பாத்ததும் மொகம் பூரா சிரிப்பு.

"டேய் அய்யனாரு! நீயும் வெள்ளிமலைக்குக் காதுகுத்துக்கு வரியா?"

"அது எங்கப்பா பேரும்மா. நான் சுபாஷு."

"எல்லாம் ஒரே மூஞ்சிதானடா"ன்னு ஒரு பன்ன எடுத்து என் கையில திணிச்சாங்க.

வண்டி நகுந்துச்சி. ரோடு பிரியிற எடம் வந்துச்சி.

"இன்னாங்க, தியாகதுருகம் ரோட்டுல திருப்புங்க. மலைக்கு அதான் வழி."

தமாசு பண்றாங்கன்னு நெனச்சேன். தியாகதுருகம் போனா மலை நம்ம முதுவுக்குப் பின்னாலயில்ல போயிடும்? இந்த ஊருல பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கும் தெரியுமே!

எட்டி அவங்க மொகத்தப் பாத்தேன். தமாசு இல்ல. அந்தக் காலத்துல கைய நீட்டி வழி சொல்லுவாங்களே, அதே மாதிரி நம்பி, கைய நீட்டிக்கினு இருந்தாங்க.

பன்ன மடியில வச்சிட்டு சாரப் பாத்தேன்.

சாரு ஓரக்கண்ணால கதவாண்ட பாத்தாரு. மலைக்குப் போற கச்சிராயபாளையம் ரோட்டுல வண்டியத் திருப்பினாரு.

"நீ சொன்ன மாதிரியே கச்சிராயபாளையம் ரோட்டப் புடிச்சிட்டேன் பவுலின்."

அந்தம்மா கொஞ்ச நேரம் முழிச்சாங்க. நீட்டின கைய மெதுவா மடியில வச்சிக்கினாங்க.

"ஆங்... அதத்தான சொன்னேன்"ன்னு நல்லா சாஞ்சி ஒக்காந்தாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, பழைய கொரல்ல ஒரே சிரிப்பு.

"பாருடா இந்த மனுசன! இத்தன வருசமா வண்டி ஓட்டுறாரு, நான் சொல்லலன்னா ஒரு ரோடு தெரியாது. வழி சொல்ற மெசினெல்லாம் விக்கிறாங்களாமே, இவருக்கு ஒண்ணு வாங்கிக் குடேன்!"

சாரு வலது கையால அந்தச் சின்ன வெளிச்சத்த மறைச்சிக்கினாரு.

"எனக்கு எதுக்கு மெசினு? அதான் நீ இருக்கிறியே. சொல்லு, அடுத்து எந்தப் பக்கம்?"